கீச்சுன்னு கத்தின காக்கா

மேகம் வாசல்ல வந்து படுத்துக்குற மலை. அங்க ஒரு மடம். குரு மரகதவல்லிக்கு முப்பது வயசு. சிஷ்யர் திருமேனிக்கு தலை பூரா வெள்ளை. மடத்துல பூசை கிடையாது, புரோகிராம் எழுதுறதுதான்.

அன்னைக்கு சாயங்காலம் கண்ணு தெரியாத பிள்ளைங்க வர்றாங்க. அவங்களுக்காக கம்ப்யூட்டருக்குள்ள ஒரு காடு. அதுல தாய்ப்பறவைன்னு ஒரு க்ளாஸ், மத்த பறவைங்களுக்கெல்லாம் அச்சு மாதிரி. பாடத் தெரிஞ்சது அது ஒண்ணுக்குத்தான். குரல், 'கீச்சு'. கிளி, குயில், காக்கா எல்லாம் அதுகிட்ட இருந்து பொறந்தது; எது வாயத் திறந்தாலும் உள்ள இருந்து தாய்தான் தன் குரல எடுத்துப் பாடும்.

திருமேனி ஓட்டிப் பாத்தாரு. காக்கா வாயத் திறந்துச்சு. "கீச்சு... கீச்சு..." பொண்ணு பாக்க வந்த எடத்துல பேசுற மாதிரி!

தாயோட குரலையே 'கா'ன்னு மாத்தினாரு. கிளி, "கா!" குயில் தொண்டையச் செருமிட்டு, "கா!" ஐயய்யோன்னு பழையபடி வச்சுட்டாரு.

அப்புறம் காக்காவுக்குள்ளயே 'குரல்'னு தனியா ஒண்ணு செஞ்சு, அதுல 'கா' போட்டாரு.

"கீச்சு."

குருகிட்ட ஓடினாரு. "தாயி, அந்தப் பிள்ளைங்களுக்குக் குரல்தான் பறவையே. காக்காவுக்குன்னு புதுக்குரல் செஞ்சு 'கா' போட்டேன். கேக்க மாட்டேங்குதே!"

"டீயக் குடிங்க பெரியவரே."

குடிச்சாரு. "சக்கரை இல்லையே தாயி."

"அதுக்கென்ன." குரு அதே மாதிரி இன்னொரு டம்ளர எடுத்தாங்க. டீ ஊத்தி, சக்கரை போட்டு, ஆத்தி, ஜன்னல்ல வச்சாங்க. "இப்ப குடிங்க."

கையில இருந்தத உறிஞ்சினாரு. மூஞ்சி கோணிக்கிச்சு. "இனிக்கலையே!"

"போட்டேனே."

"அது அந்த டம்ளர்ல! நான் குடிக்கிறது இது!"

"ரெண்டுக்கும் பேரு டம்ளர்தானே?"

திருமேனி ஜன்னல்ல இருந்த டம்ளரப் பாத்தாரு. கையில இருந்ததப் பாத்தாரு. ஒரு மேகம் ரெண்டு பேருக்கும் நடுவுல மெதுவா நடந்து போச்சு.

அவர் போயி, தனியா செஞ்ச குரல அழிச்சாரு. காக்காவோட பங்குக்குத் தாய் குடுத்த குரல் இருக்கே, காக்கா பொறக்குறப்ப அதுலயே 'கா' வச்சாரு.

பிள்ளைங்க வந்து பனியில உக்காந்தாங்க. கிளி பாடுச்சு. குயில் பாடுச்சு. அப்புறம், "கா! கா!"

ஒரு குட்டிப் பொண்ணு மடியில இருந்த முறுக்கப் பொத்திக்கிட்டா. "ஏய், ஒளிச்சு வைங்கடி, காக்கா வந்துருச்சு!"

திருமேனிக்குக் கண்ணு கலங்கிருச்சு. குருவோட காதுல கிசுகிசுத்தாரு.

"தாயி, இப்பவும் பாடுறது தாயோட பாட்டுதானே? அதுக்கு 'கா'ன்னு வராதே. எப்படிப் பாடுச்சு?"

பிள்ளைங்க மாதிரியே கண்ண மூடிக் கேட்டுக்கிட்டிருந்த குரு, கண்ணத் திறக்காமலே சொன்னாங்க.

"பிள்ளை தாயோட உள்ளங்கையில வச்சத, எந்தத் தாய் வாயில போட்டுக்காம இருந்திருக்கா?"