பட்டப்பகல்ல படுக்கப் போன வாத்துங்க

ஒரு ஊர்ல ஒரு வாத்துக்காரி... இரு, தப்பு. அவளுக்கு ஒரு ஊருன்னு கிடையாது. அறுப்பு முடிஞ்ச வயலாப் பாத்து ஊர் ஊரா வாத்து ஓட்டிட்டுப் போறவ. பேரு சடைச்சி. ம் கொட்டுடி, அத்தை என்ன சுவத்தோடயா பேசிட்டிருக்கேன்?

"ம்."

ஆங். அவளுக்குச் சொத்து, சொந்தம் எல்லாமே அந்த வாத்துக் கூட்டம்தான். பகல்ல சேத்துல சளக் சளக்குன்னு மேயும். பொழுது சாஞ்சா, நாலு கம்பு நட்டு வலையச் சுத்திக் கட்டி வச்சிருப்பா பாரு, அந்தப் பட்டிக்குள்ள போய்ப் படுத்துக்கும். அன்னைக்குக் காலையில பழைய பட்டியப் பிரிச்சு, லாரி போற பெரிய ரோட்டைத் தாண்டி இந்தப் பக்க வயலுக்கு வந்துட்டா. வலை இன்னும் சுருட்டின மேனிக்குக் கிடக்கு. சாயங்காலம் கட்டிக்கலாம், என்ன அவசரம்னு விட்டுட்டா.

அப்போ பாத்து, அன்னைக்குச் சூரிய கிரகணம்!

டீக்கடைக்காரர் சொன்னார், "சடைச்சி, வெளிய தலை காட்டாத." அவ அம்மா போன் போட்டு, "அடியே, பச்சத்தண்ணி பல்லுல படக்கூடாது, விட்டதும் தலைக்கு ஊத்திக்கோ"ன்னா. வெளிய தலை காட்டலைன்னா வாத்த யார் மேய்க்கறது, அந்தக் கடைக்காரரா? சடைச்சிக்கு ஒண்ணும் ஓடல. போதாக்குறைக்கு ஒரு வேன் வந்து நின்னுச்சு. திமுதிமுன்னு ஆளுங்க இறங்கி, ஏரிக்கரை மேல ஜமுக்காளத்த விரிச்சு, ஆளுக்கொரு அட்டைக் கண்ணாடிய வச்சுக்கிட்டு வானத்தப் பாத்து "ஆகா"ங்கறாங்க. அவங்கள்ல பெரியவர் ஒருத்தர், தாவீதுன்னு பேரு, கீழ இறங்கி வந்து கூப்பிட்டார்.

"வாம்மா, நீயும் வந்து பாரு. இன்னைக்குச் சூரியன் வளையமாத் தெரியும். நான் ரெண்டு தடவை இதத் தேடிப் போய்க் கோட்டை விட்டேன். ஒரு தடவை மேகம். இன்னொரு தடவை, சொன்னா வெக்கக்கேடு, ரயில்ல தூங்கிட்டேன்."

"எல்லாரும் பாக்காதங்கறாங்க, நீங்க பாருங்கறீங்க. நான் யாரு பேச்சக் கேக்கறது சார்?"

"சும்மா பாத்தா கண்ணு போயிடும். கண்ணாடி போட்டுப் பாத்தா ஒண்ணும் ஆகாது."

போலாமா வேணாமா, போலாமா வேணாமா... அப்படியே நின்னுட்டா. தூங்கிட்டியா?

"இல்ல... ம்."

அப்புறம் வெயில் மங்கிப் போச்சு. காக்கா கத்திக்கிட்டே மரத்துக்குத் திரும்புச்சு. சில்லுன்னு காத்து. என்னடா இது, இப்பத்தானே டீ குடிச்சோம், அதுக்குள்ள சாயங்காலமான்னு சடைச்சி முழிக்கறா. வாத்துங்களும் அதேதான் நெனச்சுதுங்க. முன்னால போற வாத்து "குவாக்"னுச்சு. அவ்வளவுதான். பொழுது போச்சு, படுக்கப் போலாம்னு எல்லாம் வரிசையாக் கிளம்பிடுச்சு. எங்க தெரியுமா? வாத்துக்கு வீடுன்னா நேத்துப் படுத்த இடம்தான். அது ரோட்டுக்கு அந்தாண்ட இருக்கு. ரோட்டுல லாரி "பாம்... பாம்"னு போவுது!

சடைச்சி விழுந்தடிச்சு ஓடினா. "ப்பா ப்பா ப்பா"ன்னு கூப்பிட்டா. ஒண்ணு திரும்பல. துணி கட்டின கம்ப "விஷ்க் விஷ்க்"னு வீசினா. கம்பச் சுத்திக்கிட்டுப் போவுதுங்க. மடியில இருந்த நெல்ல வாரிச் சலசலன்னு எறைச்சா. தூக்கம் வந்தவனுக்குச் சோறு எதுக்கு? மிதிச்சுக்கிட்டுப் போவுதுங்க. வலையப் பிரிச்சுக் கட்டலாம்னா, அதுக்குள்ள எல்லாம் லாரிச் சக்கரத்துல போயிடும்.

அப்போதான் அவளுக்குத் தோணுச்சு. இதுங்களத் திருப்ப வேணாம். இதுங்களுக்கு வேண்டியது பட்டி.

"சார்ர்ர்! எல்லாரும் ஓடியாங்க! என் வாத்து போவுது சார்!"

கரை மேல இருந்தவங்களுக்குத் தலையும் புரியல வாலும் புரியல. ஆனா அந்தக் குரலக் கேட்டுட்டு யாரால நிக்க முடியும்? கேமரா, கண்ணாடி எல்லாத்தையும் போட்டது போட்டபடி தடதடன்னு ஓடி வந்தாங்க. "கையக் கோத்துக்கிட்டுச் சுத்தி நில்லுங்க! சந்துல துண்டையும் துப்பட்டாவையும் தொங்க விடுங்க!"ன்னா சடைச்சி. கரையோரமா, ரோட்டுக்கு முன்னால, மனுசப் பட்டி ஒண்ணு எழும்பிடுச்சு. வாத்துங்க உள்ள வந்து முட்டிச்சு, பாத்துச்சு, ஒண்ணையொண்ணு இடிச்சுக்கிட்டு உக்காந்துருச்சு. சடைச்சிக்கு அப்பத்தான் மூச்சு வந்துச்சு. அழறாளா சிரிக்கறாளான்னு அவளுக்கே தெரியல.

"வளையம் வந்துடுச்சு!"ன்னு கைக்கடியாரத்தப் பாத்து ஒரு பொண்ணு கத்துச்சு. ஆனா கண்ணாடி எல்லாம் கரை மேல! கைய விட்டா வாத்து போயிடும். தாவீது சார் நெத்தி மேல மட்டும் ஒரு கண்ணாடி மாட்டினது மாட்டினபடி இருந்துச்சு. அவர் என்ன பண்ணார், தான் பாக்காம, கோத்த கைய விடாமலே தூக்கி வலது பக்கத்து ஆள் கண்ணுல மாட்டி விட்டார். "ஒரு மூச்சுப் பாத்துட்டு அடுத்தவங்களுக்கு மாட்டி விடுங்க. கடைசியா எங்கிட்ட வரட்டும்."

கண்ணாடி சுத்தி வந்துச்சு. எல்லாரும் ஒரு மூச்சுப் பாத்து, "அம்மாடி"ன்னு சொல்லி, மாட்டி விட்டாங்க. தாவீது சாருக்கு இடது கைப்பக்கம் நின்னவ சடைச்சி. அவளுக்கு மாட்டி விட்டாங்க. அவ பாத்தா.

பாத்தா... பாத்தா... பாத்துக்கிட்டே நின்னா. ஒரு மூச்சுன்னது மறந்து போச்சு. அவர் வாயத் திறந்து கேக்கவே இல்ல.

அப்புறம் வெளிச்சம் பளிச்சுன்னு வந்துச்சு. வாத்துங்க எழுந்து, என்னடா இது ராத்திரின்னு ஒண்ண ஒண்ணு பாத்துக்குச்சு. சடைச்சி கண்ணாடியக் கழட்டினா. கையில வச்சுக்கிட்டு அவரப் பாத்தா. அய்யய்யோ!

"சார்... நீங்க பாக்கலையே சார்! நான் பாவி, எடுத்து நீட்டாம நின்னுட்டேனே!"

அவருக்கும் மொகம் செத்துப்போச்சு. இல்லாம இருக்குமா? அப்புறம் கண்ண மூடிக்கிட்டு, "நீ பாத்தியே, சொல்லு"ன்னார்.

அவ வாய்க்கு வந்தத உளறினா.

"கருப்பா ஒரு தட்டு சார். இருட்டுக் கருப்பு. அதச் சுத்தி நெருப்பால ஒரு கோடு... தோசை ஓரமா எண்ணெய் ஓடுமே, அந்த மாதிரி ஒல்லியா. ஒரு பக்கம் லேசாத் தடிமன். ஆடல, அசையல. எனக்கு அம்மா ஞாபகம் வந்துச்சு, எதுக்குன்னு தெரியல. அப்புறம் ஒரு ஓரத்துல அறுந்துச்சு சார். அய்யோ, போகாத போகாதன்னு இருந்துச்சு. அதான் சார் எடுக்கத் தோணல."

சுத்தி நின்ன யாரும் இன்னும் கைய விடல. தாவீது சார் கண்ணத் திறக்காமலே சொன்னார், "போதும்மா. பாத்துட்டேன்."

நீயும் கண்ண மூடு. தெரியுதா, ஒல்லியா ஒரு கோடு?

ம்முன்னு சொல்லக் காணோமே. சரி சரி. வாத்தும் மேயப் போச்சு, கதையும் ஆச்சு, நீ தூங்குடி தங்கம்.