தூசி படாத பாசறை

முன்னொரு காலத்திலே, மழை விடாத ஒரு சீமையில், அரசர் கஜானாவைத் திறந்து வீரர்களுக்குப் புதுப் பாசறை கட்டிக் கொடுத்தார். சேனாதிபதியோ, "ராசா வந்து பார்க்கிறவரை உள்ளே ஒரு காலடி விழுந்தாலும் உன் தலை போகும்" என்று தரை கூட்டும் செவத்தியை மிரட்டிவிட்டு, வீரர்களை யானைக் கொட்டிலில் அடைத்தார். அந்தக் கொட்டில் ஈரத்தில், வீரர்களில் ஒருவனான அவள் மகனும் காய்ச்சலோடு கிடந்தான்.

அரசர் வந்தார். பளபளத்த தரையைப் பார்த்து, "என்ன பரிசு வேணும் தாயி?" என்றார்.

"யானைக்குக் குடுங்க மகாராசா. கொட்டிலைப் படைக்கு விட்டுட்டு அதுதான் மழையில நிக்குது."

அரசர் சேனாதிபதி பக்கம் திரும்பினார்.

"யானை கொட்டிலுக்குத் திரும்பட்டும்," என்றார் அரசர். "அது நின்ன இடத்துல நீர் போய் நில்லும்."

வீரர்கள் பாசறைக்குள் வந்தார்கள். செவத்தியின் மகனை மட்டும் தூக்கி வந்தார்கள். உடம்பு சில்லிட்டுப் போயிருந்தது. அந்தக் காய்ந்த தரையில் சற்று நேரம் கிடத்தி வைத்திருந்துவிட்டு எடுத்துப் போனார்கள். அவளும் பின்னாலேயே நடந்து போனாள்.