மலையடியில் நின்ற மாடக்கண்ணார்

மேற்கு மலையின் நடுக்காட்டில், ஆறு மைல் ஏறினால் மட்டுமே காணக்கூடிய ஓர் அருவி உண்டு. அண்ணாந்து பார்த்தால் தலைப்பாகை கழன்று விழும், அத்தனை உயரம். அங்கே கோயில் இல்லை, சிலையும் இல்லை. விழுகின்ற தண்ணீரையே வானிழிநாதர் என்று சொல்லிக் கும்பிடுவார்கள். ஆடியில் தொடங்கி நாற்பது நாட்கள் மட்டுமே காட்டு வாசலைத் திறப்பார்கள். அந்த வாசலைத் தாண்டி ஒருவரும் செருப்போடு போகக் கூடாது.

அப்படிக் கழற்றிவிட்ட செருப்புகளைக் காத்து நின்றவர்தான் மாடக்கண்ணார்.

செருப்புத் தைக்கும் குடியில் பிறந்தவர். விடியுமுன் குளித்து, திருநீறு பூசி, மலையை நோக்கி விழுந்து கும்பிட்டுவிட்டு, சாக்கை விரித்து உட்காருவார். சீட்டு எதுவும் கொடுக்கமாட்டார். முகத்தைப் பார்த்தாலே போதும், அவரவர் செருப்பை எடுத்து நீட்டுவார். வார் அறுந்திருந்தால் கேட்காமலே தைத்து வைத்திருப்பார். "இதைக் கழட்டுன காலு இந்நேரம் சாமி தண்ணியில நிக்கும்" என்று சொல்லி அந்தத் தூசியைத் தொட்டு நெற்றியில் இட்டுக்கொள்வார். பார்த்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கத்தானே நமக்கு எப்போதும் நேரம் இருக்கிறது!

முப்பத்தோரு வருடம் அந்த வாசலில் இருந்தும் அவர் அருவியைக் கண்டதில்லை. ஒரு நாளைக்கு வேறு யாராவது உட்காரலாம் அல்லவா? கேட்டுப் பார்த்தார். "ஊரான் செருப்ப நான் தொடணுமாக்கும்?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மனைவி பேச்சியம்மை ஒரு வருடம் நாற்பதாம் நாளன்று, "நா இருக்கேன், நீரு போயிட்டு வாரும்" என்றாள். "மொதல்ல நீ பாரு" என்று அவளை அனுப்பினார். போய் வந்தவள் எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியாமல் இரண்டு நாள் அழுதுகொண்டே இருந்தாள். அந்த மார்கழியில் காய்ச்சலில் போய்விட்டாள். அடுத்த வருடம் அவர் போகலாம் என்று பேசி வைத்திருந்தார்கள்.

அதன் பிறகு, இறங்கி வருகிற ஒவ்வொருவரிடமும், "இன்னிக்குத் தண்ணி எப்பிடி விழுது?" என்று கேட்பதோடு அவர் தரிசனம் முடிந்தது. சிலர் நின்று சொன்னார்கள். குறும்புக்காரர்கள், "தண்ணியே இல்ல வே, வத்திப்போச்சு" என்றார்கள். அதைக் கேட்ட அன்று அவருக்குச் சோறு இறங்காது.

இந்த நிலையில் அவர் கண்ணில் நரம்பு வாடத் தொடங்கியது. வலக்கண் அவிந்தது. இடக்கண் அடுத்த ஆடி வரை தாங்காது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். மாடக்கண்ணார் அதற்கு அழவில்லை. 'பார்க்காமல் போய்விடுவேனோ' என்ற நினைப்புக்குத்தான் அழுதார்.

நாற்பதாவது நாள். அன்று சுள்ளென்று வெயில் அடித்தது, கூட்டமும் குறைவு. ஒரு மணிக்கெல்லாம் எல்லாரும் இறங்கிவிட்டார்கள். இரண்டு மணிக்கு வாசலைப் பூட்டுவார்கள், அதற்குள் நுழைந்துவிட்டால் போதும், இறங்குகிறவருக்குச் சாயங்காலம் திறந்துவிடுவார்கள். மாடக்கண்ணார் எழுந்து, துண்டை உதறி இடுப்பில் கட்டினார். சாக்கின் ஓரத்தில் ஒரு ஜோடி மிச்சம் கிடந்தது.

தேய்ந்துபோன பழைய செருப்பு. யார் விட்டது என்று நினைவில்லை. மங்கிய கண்ணால் முகத்தைத் தவறவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டார்.

வனக்காவலர் செம்புலிங்கம் நல்ல மனிதர். "மேல ஒரு ஈ காக்கா கிடையாது அண்ணாச்சி, நா பாத்துட்டுத்தான் வாரேன். எவனோ வேண்டாம்னு போட்டுட்டுப் போயிருக்கான். விட்டுட்டு ஏறும்" என்றார்.

"வெறுங்காலோட வந்து தேடுமே சார். என்னைய நம்பில்லா கழட்டிருக்கு."

"பிஞ்ச செருப்பு வே! அடுத்த வருசம் உமக்குக் கண்ணு இருக்காதுன்னு நீரேதான சொன்னீரு?"

மாடக்கண்ணார் இடுப்புத் துண்டை அவிழ்த்தார். சாக்கில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு மணி ஆனது. செம்புலிங்கம் தலையை ஆட்டிக்கொண்டே வாசலைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்.

பூட்டு விழுந்த சத்தம் கேட்டதும் அவர் வாய்விட்டு அழுதார். அழுதபடியே ஊசியை எடுத்து, அந்தச் செருப்பின் அறுந்த வாரைத் தைக்க ஆரம்பித்தார்.

தைத்து முடித்தபோது எதிரே யாரோ நின்றார்கள். சொட்டச் சொட்ட நனைந்த கால்கள்.

"என் செருப்பு" என்றது குரல்.

பூட்டிய வாசலை எப்படித் தாண்டினீர் என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. வழக்கமான கேள்விதான் வாயில் வந்தது. "சாமி, இன்னிக்குத் தண்ணி எப்பிடி விழுது?"

"நீயே பாரு."

செருப்பைக் காலில் மாட்டிவிடக் குனிந்தார். அவர் பிடரியில் ஒரு துளி விழுந்தது. அடுத்து ஒரு கை நீர். பிறகு முதுகை அறைந்துகொண்டு, மூச்சு முட்ட, நிற்காமல் விழுந்தது. வந்தவரின் முகத்தைப் பார்க்க அண்ணாந்தார். முகம் தெரியவில்லை. வானத்திலிருந்து வெள்ளை வெளேரென்று அருவி இறங்கிக்கொண்டிருந்தது. அவிந்த கண்ணும் அதைக் கண்டது.

சாயங்காலம் திரும்பிய செம்புலிங்கம் திகைத்து நின்றார். காடெங்கும் காய்ந்து கிடக்க, மாடக்கண்ணார் மட்டும் தலைமுதல் கால்வரை நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தார். சாக்கில் செருப்பு இல்லை.

"என்ன அண்ணாச்சி இது? மழையே பெய்யலியே!"

"ரொம்ப ஒசரம் சார்" என்றார் மாடக்கண்ணார். அதற்கு மேல் அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. இரண்டு நாள் அழுதுகொண்டே இருந்தார்.

பிறர் காலில் கிடந்ததைக் காத்தவருக்காக, தன் தலையில் இருந்ததை இறக்கிக் கொடுத்தான் ஈசன். அந்த மாடக்கண்ணாரின் கால்தூசி நம் நெற்றிக்கும் கிடைக்கட்டும்.