ராஜாவின் கேமராவும் பொற்கொடியின் தீனியும்

மருதங்குளம் ராஜா செண்பகராமருக்குச் சூதாட்டம் கிடையாது, குடி கிடையாது, பக்கத்துச் சமஸ்தானத்தோடு வாய்க்கால் தகராறுகூடக் கிடையாது. அப்பேர்ப்பட்ட மனுஷர் கையில் யாரோ ஒரு புண்ணியவான் சீமையிலிருந்து ஒரு கேமராவைக் கொண்டுவந்து கொடுத்துத் தொலைத்தான். அன்றைக்குப் பிடித்தது சனி.

குளத்தில் எருமை இறங்கினால் படம், ஏறினால் படம். சமையல்காரன் தும்மினால்கூட, "இரு, இரு, அப்படியே இன்னொரு தரம் தும்மு!" என்று ஓடுவார். ஒரு பிலிம் சுருளில் எட்டே எட்டுப் படம்தான். ராஜாவுக்கு அது மூக்குப்பொடி மாதிரி, ஒரு சிட்டிகையோடு நிற்காது. சுருளின் விலை ஒரு பக்கம், ரயிலேற்றிச் சென்னப்பட்டணம் அனுப்பிக் கழுவுகிற கூலி இன்னொரு பக்கம். படமாகத் திரும்பி வர இரண்டு மாசம் ஆகும். அதற்குள் எதை எடுத்தோம் என்பதே ராஜாவுக்கு மறந்திருக்கும். வந்த கட்டை ஒரு புரட்டுப் புரட்டிவிட்டு அலமாரியில் போட்டுவிடுவார்.

ஒருநாள் திவான் குமாரசாமியா பிள்ளை வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றார். பிலிம் சப்ளை செய்வதே அவருடைய மைத்துனன்தான் என்பதை இங்கே சொல்லி வைக்கிறேன்.

"மகாராஜா, பிலிம் வாங்கப் பணம் இல்லை. நம்ம யானை பொற்கொடியை மலைமேல இருக்கிற மரக் கம்பெனிக்கு வித்துடலாம். தின்கிறதைத் தவிர அது என்ன செய்யுது?"

ராஜா யோசித்தார். கேமராவைத் தடவினார். "சரி, வித்துடுங்க" என்றார்.

அரண்மனைக் கடிதங்களை எழுதுகிற ராயசம் மாசிலாமணியின் வீட்டுக்கு யானைக்காரர் மீராசா ஓடி வந்தார். "ஐயா, பதினாறு வருஷமா என் கையால சாப்பிட்ட பிள்ளை. மலையில மரம் இழுத்தே செத்துப்போயிடும்யா" என்று தேம்பினார். மாசிலாமணி வாயால் பிழைக்கிற ஆள். அன்றைக்கு ராத்திரி முழுக்க வார்த்தைகளை அடுக்கிப் பார்த்தார்.

மறுநாள் சபையில் மெல்ல ஆரம்பித்தார். "மகாராஜா, கேமராச் செலவைக் கொஞ்சம் குறைச்சா யானை பிழைக்குமே."

ராஜாவுக்குச் சுருக்கென்றது. "படம் எடுக்கிறதை நிறுத்தச் சொல்றியா?"

"ஐயையோ, நான் சொல்வேனா?"

"அப்போ கேட்டுக்கோ. ஒரு மாசம் தர்றேன். நான் பொத்தானை அமுக்குறது ஒரு தடவைகூடக் குறையக் கூடாது. என் சந்தோஷம் கடுகளவும் குறையக் கூடாது. செலவு மட்டும் குறையணும். முடியலைன்னா யானையோட நீயும் மலை ஏறு!"

திவான் வாய்விட்டுச் சிரித்தார்.

"உத்தரவு" என்றார் மாசிலாமணி. "இந்த ஒரு மாசம் பிலிம் மாட்டுற வேலையை மட்டும் எனக்குக் கொடுங்க."

அது யாரும் கேட்டு வாங்குகிற வேலை இல்லை. ராஜாவே ஒருமுறை உச்சி வெயிலில் கேமராவைத் திறந்து ஒரு சுருளைப் பாழாக்கியிருந்தார். அந்த ஆத்திரத்தில் ஜன்னலையெல்லாம் அடைத்து ஓர் இருட்டறை செய்து, அதற்கு வெளியே யார் கேமராவைத் திறந்தாலும் பத்துக் கசையடி என்று கட்டளையும் போட்டுவிட்டார். பிலிம் மாட்டுகிறவன் அந்த அறையில் வெந்து புழுங்கி வெளியே வர வேண்டும். ராஜா வீசியெறிந்த அந்தப் பாழான சுருளை மாசிலாமணி குப்பையில் தேடி எடுத்து வைத்துக்கொண்டார். எதற்கு என்று இப்போதே கேட்காதீர்கள்.

கேமராவின் முதுகில் சின்னதாக ஒரு சிவப்புக் கண்ணாடி உண்டு. படம் எடுக்க எடுக்க அதற்குள் ஒன்று, இரண்டு என்று எண் நகரும். எட்டு வந்ததும் மாசிலாமணி கேமராவோடு இருட்டறைக்கு ஓடுவார். மறுபடி ஒன்றில் நிறுத்திக்கொண்டு வந்து நீட்டுவார். பிலிம் மாட்டச் சலித்து முணுமுணுக்க ஆள் இல்லாததால் ராஜா குஷியாகி முன்னைக்கு இரண்டு பங்கு எடுத்தார். மாசிலாமணியையே தினமும் நிற்க வைத்துச் சிரிக்கச் சொன்னார். பொற்கொடியை மட்டும் நாற்பது தடவை நிற்க வைத்தார். "தும்பிக்கையைத் தூக்கு! இன்னும் கொஞ்சம்! அப்படித்தான்டி என் ராஜாத்தி!"

திவானின் மைத்துனனோ ஈ ஓட்டிக்கொண்டிருந்தான். முப்பதாம் நாள் திவான் சபைக்கு மூச்சிரைக்க வந்தார்.

"மோசம் போனோம் மகாராஜா! ஒரு மாசமா ஒரு சுருள்கூட வாங்கலை. இந்த ஆள் எதை மாட்டுறார்? கேமராவைத் திறந்து பாருங்க!"

"வெளிச்சத்திலே திறந்தா பத்துக் கசையடி, ஞாபகம் இருக்கா?" என்றார் ராஜா.

"உள்ளே பிலிம் இருந்தா இருபதாவே கொடுங்க!" என்று திவான் படக்கென்று திறந்தார்.

உள்ளே வெறும் கறுப்புத் தாள்தான் இருந்தது. பிலிமோடு சேர்த்துச் சுற்றி வருகிற தாள் அது. எண்கள் அச்சடித்திருப்பது அந்தத் தாளில்தான். பாழான சுருளிலிருந்து பிலிமை உரித்துப் போட்டுவிட்டு, அந்த ஒரே தாளை மாசிலாமணி ஒரு மாசமாகச் சுருட்டிச் சுருட்டி மாட்டியிருக்கிறார்!

ராஜாவின் மீசை துடித்தது. "என்னையே ஏமாத்தினியா?"

மாசிலாமணி கும்பிட்டார். பிறகு கேட்டார். "பொத்தானை அமுக்கினது குறைஞ்சுதா மகாராஜா?"

"இல்லை. கூடித்தான் போச்சு."

"சந்தோஷம்?"

"அதுவும் கூடித்தான் போச்சு."

"செலவு?"

ராஜா திவானைத் திரும்பிப் பார்த்தார். திவான் தரையைப் பார்த்தார்.

"அப்போ ஒரு மாசமா இந்தப் பெட்டிக்குள்ளே என்னதான்யா இருந்தது?" என்று கேட்டார் ராஜா.

"பொற்கொடிதான் மகாராஜா. பிலிம் வாங்காத காசுல தீனியும் கையுமா நிம்மதியா நின்னுக்கிட்டிருந்தா."

முதலில் ராஜாவின் தொப்பை குலுங்கியது, பிறகுதான் சிரிப்பு வெளியே வந்தது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். யானை எங்கேயும் போகாது என்றார். இனி மாசத்துக்கு ஒரே சுருள் என்று தானாகவே கட்டளை போட்டார். உள்ளே பிலிம் இல்லாததால் திவானின் முதுகு தப்பியது, மைத்துனனின் வியாபாரம் தப்பவில்லை. வெளியே மீராசா யானையின் காலைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார்.

"மாசிலாமணி, உனக்கு என்ன வேணும்? கேள், தர்றேன்" என்றார் ராஜா.

மாசிலாமணி கன்னத்தைத் தேய்த்துக்கொண்டார்.

"ஒரு மாசமா தினமும் உங்க முன்னாடி நின்னு சிரிச்சுச் சிரிச்சு தாடையே வலிக்குது மகாராஜா. பிலிம் போட்டு என்னை ஒரே ஒரு படம் எடுத்துக் கொடுங்க."