வடக்கு பார்த்த ஆமை

இந்தத் தடவை உபதேசம் வாங்காமல் வீடு திரும்புவதில்லை என்று பிள்ளையாருக்கு ஒரு சிதறுதேங்காய் போட்டுவிட்டுத்தான் கோமதிநாயகம் பஸ் ஏறினார். மடியில் ஒரு துணிப்பை இருந்தது. பைக்குள் ஒரு பிளாஸ்டிக் பெட்டி, பெட்டிக்குள் ஓர் ஆமை.

சிரிக்காதீர்கள். மனிதர் பாளையங்கோட்டை டெலிபோன் ஆபீசில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்து, நல்ல பேரோடு ஓய்வு பெற்றவர். ஆமையைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றுகிற ஆள் இல்லை. ஆற்றங்கரை மடத்துப் பூரணத்தம்மாதான் கொண்டுவரச் சொல்லியிருந்தார்.

பூரணத்தம்மாவுக்கு இவரைவிட இருபது வயது குறைவு. ஞானத்துக்கு வயசு ஏது? அந்த மடத்தில் உபதேசம் என்றால் பெரிய சடங்கெல்லாம் கிடையாது. கேட்பவர் குனிந்து வலது காதைக் கொடுக்க வேண்டும். அம்மா ஒரு சின்ன வாசகம் சொல்வார், அவ்வளவுதான். ஒருவருக்குச் சொன்னதை இன்னொருவருக்குச் சொல்லமாட்டார். அம்பாசமுத்திரம் அரிசிக்கடைக்காரர் ஒருவருக்கு 'மெதுவாச் சாப்பிடுங்க' என்று சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. அவரிடம் கேட்டால் கையெடுத்துக் கும்பிடுகிறாரே தவிர வாயைத் திறப்பதில்லை.

கோமதிநாயகம் முதல் தடவை வந்தபோது, "இன்னும் நேரம் வரலை அண்ணாச்சி" என்று அம்மா மோர் கொடுத்து அனுப்பிவிட்டார். இரண்டாம் தடவை, "வீட்டுல யாரு இருக்கா?" என்று கேட்டார்.

"யாரும் இல்லம்மா. மகன் ஓசூர்ல இருக்கான். வீட்டுக்காரி போயி நாலு வருசமாச்சு."

"உயிருன்னு ஒண்ணுகூடவா இல்ல?"

"ஒரு ஆமை கெடக்கு."

"அதையும் கூட்டிட்டு வாங்க."

கடைசிப் பற்று, அதையும் இங்கே விடச் சொல்கிறார் என்று கோமதிநாயகம் தானாகவே முடிவு கட்டிக்கொண்டார். மடத்துக்குப் பின்னால் பெரிய தெப்பக்குளம் இருக்கிறது. அதில் விட்டால் ஆமைக்கும் விடுதலை, தனக்கும் விடுதலை. புண்ணியத்துக்குப் புண்ணியமும் ஆயிற்று.

அவர் போய்ச் சேர்ந்தபோது காலை ஒன்பது மணி இருக்கும். பூரணத்தம்மா கிணற்றடியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டுப் பெட்டியை வாங்கிப் பார்த்தார்.

சோற்று டப்பா அகலம்தான். ஒரு மூலையில் பச்சை பிளாஸ்டிக் தென்னைமரம், மற்ற இடமெல்லாம் ஆமை. காதோரம் ஒரு சிவப்புக் கீற்று. ஓட்டின் விளிம்பு பொரித்த அப்பளம் மாதிரி மேலே வளைந்திருந்தது. ஓட்டின் நடுவில் குங்குமப் பொட்டு.

"திரும்ப முடியுமா இதால?"

"திரும்பக் கூடாதும்மா. இது வாஸ்து ஆமை. வடக்கு பாத்தே இருக்கணும்னு பெட்டியோட ஒரு சீட்டு குடுத்திருந்தான். பெரிய தொட்டியில போட்டா கண்ட பக்கம் திரும்பிரும்லா? அதனாலதான் மாத்தலை."

சொல்லும்போது ஒரு பெருமைகூட இருந்தது அவர் குரலில். வெள்ளிக்கிழமை தவறாமல் தண்ணீர் மாற்றுகிறவர், பொட்டு வைக்கிறவர். வேளாவேளைக்குத் தீனி போடுகிறவர். பெற்ற பிள்ளைக்குக்கூட இத்தனை செய்ததில்லை, பாவம்.

"யாரு வாங்குனது?"

"ஆவுடை. என் வீட்டுக்காரி." அவர் படியில் உட்கார்ந்தார். "நான் ரிட்டயர் ஆன அன்னிக்குப் பொருட்காட்சியில வாங்கிட்டு வந்தா. கிஃப்ட் பாக்ஸ்னு வித்திருக்கான். அப்ப ஒத்த ரூவாக் காசு அளவுதான் இருக்கும். இதுக்கு மேல வளராது, வச்சிருக்கவங்களுக்கு ஆயுசு கூடும்னானாம். ஆபீஸ்ல எல்லாரும் சால்வை போட்டாங்க. இவ ஆமையைக் குடுத்தா."

"ம்."

"ஆமை புகுந்த வீடு உருப்படுமான்னு பக்கத்து வீட்டுல கேட்டாங்க. 'இனிமே உருப்பட்டு நாங்க என்ன செய்யப் போறோம்'னு சிரிச்சா." அவரும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "எட்டே மாசத்துல போயிட்டா. ஆயுசு எனக்குத்தாம்மா கூடியிருக்கு."

அம்மா கீரைக்கட்டைத் தள்ளி வைத்தார்.

"ஆஸ்பத்திரியில மூணு நாள் கெடந்தா. முப்பத்திநாலு வருசம் கூட இருந்தவ, எனக்குன்னு ஒரு வார்த்தை சொல்லலை. கடைசியா வாயத் தெறந்தப்பகூட ஆமை, வெயிலுன்னு என்னமோ சொன்னா. காய்ச்சல் வேகத்துல ஒளறுதான்னு விட்டுட்டேன். ஊர்ல உள்ளவனுக்கெல்லாம் பேசுறதுக்கு லைன் குடுத்தவன் நான். எனக்கு ஒரு வார்த்தை வந்து சேரலை. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நாலு வருசமா ஏங்குதேன். சாயங்காலம் ஆனா இதுகிட்டதான் பேசுவேன். அவ குரலைக் கேட்ட சீவன் வீட்டுல இது ஒண்ணுதானே."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இந்த ஏக்கம் எப்பம்மா தீரும்? அதுக்குத்தான் உபதேசம் கேக்கேன்."

பூரணத்தம்மா ஆமையின் ஓட்டை விரலால் லேசாக அழுத்தினார். அது அமுங்கியது.

"வெயில் பாத்து எத்தனை நாளாச்சு இது?"

"வெயிலா? டி.வி. ஸ்டாண்டுல நெழலாத்தாம்மா வச்சிருக்கேன்."

சொல்லிவிட்டு, பேச்சை வளர்ப்பானேன் என்று எழுந்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு குளத்துப் பக்கம் நடந்தார். இரண்டு படி இறங்கியிருப்பார்.

"நில்லுங்க அண்ணாச்சி."

நின்றார்.

"அது நம்ம ஊரு ஆமை இல்ல. கடல் தாண்டிப் பொறந்த சாதி. உங்கள மாதிரி புண்ணியம் தேடி வந்து இதுவரைக்கும் ஒம்பது பேரு விட்டுட்டுப் போயிருக்காங்க. இந்தக் குளத்துல நம்ம கறுப்பு ஆமை ஒண்ணு இருந்துச்சு, காலையில படியேறி வரும். அது வந்து வருசமாச்சு. இதுக தின்னதுல தவளைக்குஞ்சும் ஒண்ணு மிஞ்சலை."

"அப்ப இதுக்கு விடுதலை?"

"ஒரு முழம் எடத்துல திரும்பத் தெரியாத சீவனைக் குளத்துல போட்டா, அதுக்குப் பேரு விடுதலையா?"

கோமதிநாயகம் இறங்கிய படியில் திரும்ப ஏறினார். போட்ட கணக்கெல்லாம் தப்பு.

"வாளி கெணத்தடியில இருக்கு" என்றார் அம்மா.

மடைப்பள்ளியிலிருந்து அகலமான நீலத் தொட்டி ஒன்றை அவரே இழுத்து வந்தார். அன்னதானத்துக்கு அரிசி களைகிற தொட்டி. "அமாவாசைக்கு வேற தொட்டி பாத்துக்கிடலாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கோமதிநாயகம் வேட்டியை மடித்துக் கட்டி ஐந்து வாளி தண்ணீர் இறைத்து ஊற்றினார். அறுபத்துநாலு வயதில் இடுப்பு என்ன பாடுபடும் என்று சொல்லவா வேண்டும்? அம்மா ஒரு சப்பட்டைக் கல்லைத் தண்ணீருக்கு மேலே நிற்கிற மாதிரி வைத்தார். சூடு தாங்காவிட்டால் ஒதுங்குவதற்கு, ஒரு பக்கத்தில் ஓலைக் கீற்றைச் சாத்தினார்.

ஆமையை எடுத்து விட்டது கோமதிநாயகம்தான்.

ஆமை நகரவில்லை. அத்தனை தண்ணீரில், அத்தனை இடத்தில், வடக்கு பார்த்தே நின்றது. பெட்டி இன்னும் தன்னைச் சுற்றி இருக்கிறது என்று நினைத்ததோ என்னவோ.

"ஏன்மா இப்படி நிக்கி?"

"பழக்கம்."

கால் மணி நேரம் ஆயிற்று. அந்த முதுகில் தான் வைத்த பொட்டு தண்ணீரில் கரைந்து சிவப்பாகப் பரவுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அப்போது ஆமை ஒரு காலை எடுத்து வைத்தது. பிறகு மெதுவாக, மிக மெதுவாக, தெற்கே திரும்பியது.

"திரும்பிட்டும்மா! திரும்பிட்டு!" என்று கத்திவிட்டார் மனிதர்.

அது தட்டுத்தடுமாறிக் கல்லில் ஏறியது. ஒரு தடவை சரிந்து விழுந்தது, மறுபடியும் ஏறியது. வெயில் ஓட்டின் மேல் பட்டதும் கழுத்தை நீட்டியது. நாலு கால்களையும் பின்னால் நீட்டி, விரல்களை விரித்து, கண்ணை மூடிக்கொண்டது. இத்தனை நீளக் கழுத்து அதற்கு உண்டு என்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அதைப் பார்க்கப் பார்க்க ஆவுடை மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. வத்தல் காயப்போட்டுவிட்டு, காக்காய் விரட்டுகிற சாக்கில் அங்கேயே உட்கார்ந்திருப்பாள். "என்னங்க, நீங்களும் வாங்களேன்" என்று கூப்பிடுவாள். "வெயில்ல எவன் உக்காருவான்?" என்று இவர் கீழேயிருந்து குரல் கொடுப்பார். ஞாயிற்றுக்கிழமைகூட ஏறிப் போனதில்லை.

கோமதிநாயகம் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதார். வயசான ஆம்பிளை அழுகிறது பார்க்கக் கஷ்டமாகத்தான் இருக்கும். அம்மா தடுக்கவில்லை.

"அவ ஒளறலைம்மா. இப்பதான் முழுசா ஞாபகம் வருது. 'ஆமைக்குக் கொஞ்சம் வெயில் காட்டுங்க, நீங்களும் கூட உக்காருங்க'ன்னா. ரெண்டு தடவை சொன்னா. நான் நர்ஸைக் கூப்பிட ஓடிட்டேன். திரும்பி வாரதுக்குள்ள கண்ணை மூடிட்டா."

"ம்."

"பாருங்கம்மா, அப்பவும் ஆமை நெனப்புத்தான் அவளுக்கு. எனக்குன்னு ஒரு வார்த்தை…"

பூரணத்தம்மா அவர் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு எழுந்து போய்க் கீரையைச் சட்டியில் போட்டார்.

மத்தியானச் சாப்பாடு முடிந்தது. கோமதிநாயகம் தொட்டியை விட்டு அசையவில்லை. ஆமை தண்ணீரில் இறங்குவதும் கல்லில் ஏறுவதுமாக இருந்தது. மூன்று மணிக்கு மேல் மடத்துச் சுவரின் நிழல் நீண்டுவந்து தொட்டியைப் பாதி மூடியது.

அம்மா வந்து நின்றார். அவர் கைகட்டி எழுந்தார்.

"எத்தனை வருசம்மா இருக்கும் இது?"

"நல்லாப் பாத்துக்கிட்டா முப்பது, நாப்பது."

"எனக்கு அறுபத்திநாலு."

"ஆமா."

"இதை இங்க விட்டுட்டுப் போகவா?"

"ஒம்பது பேரு விட்டுட்டுத்தான் போனாங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அப்படியே கேட்டார்: "அப்ப இந்தத் தடவையும் எனக்கு உபதேசம் கெடையாதாம்மா?"

"வலது காதைக் குடுங்க."

கோமதிநாயகம் வாய் பொத்திக் குனிந்தார். நாலு வருஷ ஏக்கமும் அந்தக் காதிலேயே வந்து நின்றது.

பூரணத்தம்மா அவர் காதருகில் வாயை வைத்து, நிறுத்தி நிதானமாகச் சொன்னார்:

"ஆமைக்குக் கொஞ்சம் வெயில் காட்டுங்க. நீங்களும் கூட உக்காருங்க."

குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு தொட்டியின் விளிம்பைப் பிடித்தார். தண்ணீர் சிந்தாமல், அங்குலம் அங்குலமாக அதை வெயிலுக்கு இழுத்தார். இழுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.