குரல் மட்டும் வந்தது

விழுப்புரத்தில் ரஹ்மத் நிஷா கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தாள். அவளுக்கு வயது முப்பத்திரண்டு. அவளிடம் தொழில் கற்றுக்கொள்ள வந்த கோதண்டபாணிக்கு அறுபத்திரண்டு. ரயில்வேயில் முப்பத்தாறு வருஷம் கார்டாகக் கொடி காட்டி ஓய்வு பெற்றவர். வீட்டுக் கம்ப்யூட்டரோடு ஒரு வருஷம் மல்லுக்கட்டித் தோற்று, இதை ஒரு கை பார்த்துவிடுவது என்று இங்கே வந்து சேர்ந்திருந்தார்.

அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை சார் என்பாள்.

அன்று காலை கையில் ஒரு கேமரா ஒயரை வைத்துக்கொண்டு அவர் புலம்பிக்கொண்டிருந்தார்.

"ரயில் பெட்டியை எடுத்துக்குங்க டீச்சர். எந்த ஊர்ப் பெட்டியா இருந்தாலும் ஒரே கப்ளிங். மாட்டினோமா, போனோமான்னு இருக்கும். இவனுங்க மட்டும் ஏன் வருஷத்துக்கு ஒரு ஓட்டை கண்டுபிடிக்கறாங்க? அதுலயும் அந்தத் தட்டை பின் இருக்கே, மூணு தடவை திருப்பினாத்தான் உள்ளே போகுது."

"மூணாவது தடவை போயிடுதுல்ல சார்?"

"போயிடுது."

"அப்புறம் என்ன?"

அவருக்கு அது பதிலாகப் படவில்லை.

"எது எதோட பொருந்தும்னு எப்படித்தான் தெரிஞ்சுக்கறது? ஒரு சூத்திரம் சொல்லுங்க, எழுதிக்கறேன்."

"இந்த கேமரா யாரோடது?"

"நீங்க பேங்குக்குப் போயிருந்தப்ப ஒரு அம்மா லேப்டாப்போட குடுத்தாங்க. கடையில ஒரே கூட்டம். சீட்டை நீட்டிட்டுப் போயிட்டாங்க."

சீட்டில் மணிமணியான எழுத்து. 'கேமரா சேரவில்லை. வீடியோ வரவில்லை. என் வீட்டுக்காரர் மஸ்கட்டில் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். நாளை ஆபரேஷன். இன்று நாலு மணிக்குப் பேச வேண்டும். பவளக்கொடி.'

"அவங்ககிட்ட என்ன கேட்டீங்க?"

"எல்லாம்தான் சீட்டுல இருக்கே. போன்லயே பேசலாமேன்னு தோணுச்சு. கேக்கல."

நிஷா சீட்டை மேஜை மேல் வைத்தாள். ஒரு பள்ளிக்கூடத்தில் பிரிண்டர் பார்க்க வேண்டியிருந்தது. நாலு மணிக்கு வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

கோதண்டபாணி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். கேமரா புதுசு, லேப்டாப் பழசு. ஒல்லி பின்னுக்கும் அகல ஓட்டைக்கும் நடுவில் மாட்ட ஒரு கன்வெர்ட்டர் தேடி மூன்று டிராயரைக் கவிழ்த்தார். அது கிடைத்ததும் வேறு வில்லங்கம் வந்தது. ஆஸ்பத்திரி சொன்ன வீடியோ சாப்ட்வேரின் புது வெர்ஷன் இந்த லேப்டாப்பில் ஏறவில்லை. ஏறிய பழைய வெர்ஷனை ஆஸ்பத்திரி ஏற்கவில்லை. கடைசியில் சாப்ட்வேரே இல்லாமல் பிரவுசர் வழியாகத் திறந்தார். திறந்தது. வண்டியைக் குறித்த நேரத்துக்குக் கிளப்பிவிட்ட நிம்மதியோடு ஒரு டீ குடித்தார்.

நாலு மணிக்குப் பவளக்கொடி வந்தாள். நாற்பது வயதிருக்கும். திரைக்கு முன்னால் உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு மனிதர் தெரிந்தார். அவள் முகம் மலர்ந்தது. கையைத் தூக்கினாள்.

படம் நின்றுவிட்டது.

ஏழெட்டு விநாடிக்கு ஒருமுறை திக்கித் திக்கி நகர்ந்தது. கோதண்டபாணி கடை கம்ப்யூட்டரிலும் போட்டுப் பார்த்தார். அங்கேயும் அப்படியே. கோளாறு இங்கே இல்லை, அந்தப் பக்கத்து நெட் மெதுவாக இருந்தது. அதற்கு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியும். படத்தை நிறுத்தினால் குரல் வரும். எல்லோருக்கும் அப்படித்தான் செய்துகொடுப்பார். படத்தை நிறுத்தினார்.

திரை கறுத்தது. சத்தம் வந்தது. தள்ளுவண்டிச் சக்கரம், யாரோ இருமுவது, படுக்கை விரிப்பு சரசரப்பது வரை கேட்டது.

"கேளுங்கம்மா, பக்கத்துல உக்காந்திருக்கற மாதிரி இருக்கு. பேசுங்க."

அவள் கறுத்த திரையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். விரலால் தன் காதைத் தொட்டு, இல்லை என்று கையை ஆட்டினாள். பிறகு திரையைக் காட்டி, மறுபடி காதைத் தொட்டு, அப்படியே ஆட்டினாள்.

இருவருக்குமே கேட்காது.

"அம்மா..." என்று ஆரம்பித்தவர் அதையும் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அப்போதுதான் நிஷா படியேறி வந்தாள். காதைத் தொட்டுக் கையை ஆட்டிக்கொண்டிருந்த பவளக்கொடியை ஒரு பார்வை பார்த்தாள். ஸ்டூலுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு, படத்தைத் திரும்பக் கொண்டுவந்தாள். சத்தத்தை முழுசாக அடைத்தாள். படத்தின் தரத்தைக் குறைத்துக்கொண்டே போனாள். கடைசியில் அது தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கி, திட்டுத்திட்டாக, சாக்பீஸில் கிறுக்கியது போல ஆனது. ஆனால் நிற்காமல் நகர்ந்தது.

"மூஞ்சியே தெரியலையே டீச்சர்," என்று கிசுகிசுத்தார்.

"கை தெரியுதா பாருங்க."

தெரிந்தது. பவளக்கொடி இரண்டு கைகளையும் தூக்கினாள். போனைப் பிடித்திருந்தால் அதில் ஒன்று போயிருக்கும் என்பது அவருக்கு அப்போது உறைத்தது.

கால் மணி நேரம் பேசினார்கள். அவள் எதற்கோ கடிந்துகொண்டாள். கணவர் சமாதானம் சொன்னார். ஒருமுறை இருவரும் சத்தமில்லாமல் சிரித்தார்கள். கடைசியில் அவள் ஒரு கையை நெஞ்சில் வைத்து, இன்னொரு கையால் மெதுவாக ஏதோ சொன்னாள். அந்தப் பக்கம் அவரும் அதையே செய்தார். நிஷா தெருப்பக்கம் திரும்பி நின்றிருந்தாள். கோதண்டபாணியால் கண்ணை எடுக்க முடியவில்லை.

பத்து நாள் கழித்துப் பவளக்கொடி ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தாள். கோதண்டபாணி எழுந்து நின்று பேனாவையும் தாளையும் நீட்டினார். 'எழுந்து நடக்கிறார். அடுத்த மாதம் வருகிறார்' என்று எழுதினாள். 'லேப்டாப்பில் வேறு ஏதாவது தொந்தரவு உண்டா?' என்று அவர் எழுதிக் கேட்டார். இல்லை என்று சிரித்தாள்.

அவள் போன பிறகு இருவரும் பழம் உரித்துக்கொண்டிருந்தார்கள்.

"குரலை எவ்வளவு சுத்தமா கொண்டுவந்தேன் டீச்சர்."

"ஆமா சார். ரொம்ப சுத்தமா இருந்தது."

இன்னொரு பழத்தை எடுத்து உரித்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"கடைசியில நெஞ்சுல கைவச்சு என்னமோ சொன்னாங்களே. அது என்னவா இருக்கும்?"

நிஷா பழத்தோலைக் கூடையில் போட்டாள்.

"அது நம்மகிட்ட சொன்னதில்ல சார்," என்றாள்.