மனுசன் மாடா, புலியா?

ஒரு ஊர்ல ஒரு... மூக்கைப் பொத்திக்கோட்டி, கருவாட்டுக்காரி வர்றா! அவ பேரு உலகம்மா. தலையில கூடை, கூடைக்குள்ள நெத்திலி, சாளை, வாளைன்னு எல்லாம் விறைச்சுக் கெடக்கும். அவ மேலத்தெருவுல நுழையும்போதே கீழத்தெருப் பூனையெல்லாம் எந்திரிச்சு உக்காந்துக்கும். ஆச்சி கதை சொன்னா ம் கொட்டணும், கொட்டு.

"ம்."

அந்த ஊருக்கு ஒரு மிட்டாதாரு. அவரு சொன்னா ஊரே ஆடணும், அவ்வளவு பெரிய ஆளு. மீசைன்னா மீசை, அப்படி ஒரு மீசை! மூக்குக்குக் கீழ பொறந்து, வாயை மூடி, தாடையில வந்து எறங்கும். அவரு பேசினா மீசைதான் ஆடும். உள்ள இருக்கிற வாயை ஊருல ஒருத்தரும் பாத்ததில்லை. எங்க சின்ன மாமாவுக்கும் இப்படித்தான். மோரு குடிச்சாருன்னா பாதி மோரு மீசையிலயே தங்கிரும். சாயங்காலம் வரைக்கும் ஈ மொய்க்கும். அத்தை ஒரு நாளு கோவத்துல விசிறியால ஒரே போடு, ஈ பறந்திருச்சு, மாமா விழுந்துட்டாரு... சரி, எங்க விட்டேன்?

"மிட்டாதாரு மீசையில."

ஆங். அந்த மிட்டாதாரு ஒரு நாளு ஆட்டுக்கறி தின்னாரு. தின்னு கை கழுவல, வயித்துக்குள்ள கடமுட கடமுடன்னு வண்டி ஓட ஆரம்பிச்சிருச்சு. மூணு நாளு செம்பும் கையுமா கொல்லைக்கும் கட்டிலுக்கும் நடந்தாரு. அப்புறம் வைத்தியரைக் கூப்பிட்டு விட்டாரு. அம்பலவாணர்னு பேரு. அவருக்கு நாடி பாக்கத் தெரியுமோ தெரியாதோ, மூஞ்சியைப் பாத்து எதைச் சொன்னா பிடிக்கும்னு நல்லாத் தெரியும்.

"வைத்தியரே, கறி ஏன்வே எனக்குச் சேரலை?"

"அய்யா மேல என்ன தப்பு? மனுச உடம்பே மாட்டு வகை. காய்கனி, கீரை, கெழங்குக்குன்னே அமைஞ்சது. கறி மீனெல்லாம் புலி வகைக்கு."

அடேங்கப்பா, மிட்டாதாருக்கு வந்த சந்தோசத்தைப் பாக்கணுமே! தப்பு தன் மேல இல்லை, செத்துப்போன ஆட்டு மேலன்னு ஆயிப்போச்சு. அப்புறம் என்ன, டும் டும் டும்னு தண்டோரா. "மனுசன் எல்லாம் மாட்டு வகை! இனிமே ஊருக்குள்ள கறி கெடையாது, மீன் கெடையாது! கருவாட்டுக்காரி வெள்ளிக்கிழமைக்குள்ள ஊரைக் காலி பண்ணணும்!"

உலகம்மாவுக்குக் கூடை கனத்துப்போச்சு. முப்பது வருசமா நடந்த தெரு. எந்த வீட்டு நாயி குலைக்கும், எந்த வீட்டு நாயி வாலாட்டும்னு தெரியும். வேற ஊருக்குப் போனா அங்க இருக்கிற நாயை எல்லாம் புதுசாப் பழகணும்லா? அவ அழலை. கூடையோடயே அரண்மனை வாசல்ல போயி நின்னா.

"அய்யா, நான் மாடா?"

"வகை."

"அப்போ ருசுப்படுத்துங்க. மூணு சோதனை வைங்க. ஒண்ணுலயாவது நான் ஜெயிச்சேன்னா இங்கனதான் இருப்பேன். இல்லைன்னா நானே கெளம்பிருதேன்."

ஊரே கூடி வேடிக்கை பாக்க நிக்கி. மிட்டாதாரு மாட்டேன்னு சொல்ல முடியுமா? மீசை மேலயும் கீழயும் ஆடுச்சு. சரின்னுட்டாரு. தூங்கிட்டியா?

"ம்ஹூம்."

மொத நாளு பல்லுச் சோதனை. வைத்தியரு, "வாயைத் தெற"ன்னாரு. உலகம்மா ஆ...ன்னு தெறந்தா. வைத்தியரு எட்டிப் பாத்துட்டு மூக்கைப் பொத்திக்கிட்டே சொல்லுதாரு: "கடவாப்பல்லு தட்டையா இருக்கு. அரைக்கிற பல்லு. மாட்டு வகை!"

"மாட்டு வாயைப் பாத்திருக்கீரா வைத்தியரே?"

அவரு எங்க பாத்தாரு? பால் குடிச்சதோட சரி. ஒரு பசுவைப் பிடிச்சுட்டு வந்து கையை உள்ள விடச் சொன்னாக. விட்டாரு. தடவுதாரு, தடவுதாரு, மேல முன்பல்லையே காணோம்! மாட்டுக்கு மேல முன்பல்லு கெடையாதுட்டி, வெறும் ஈறுதான். பசு சலப்புன்னு அவரு கையை முழங்கை வரைக்கும் நக்கி விட்டுச்சு.

"எனக்கு மேலயும் பல்லு இருக்கு, கீழயும் இருக்கு. எங்கிட்டு மாடு?"ன்னா உலகம்மா.

வைத்தியரு விடுவாரா? ஒரு நாயை இழுத்துட்டு வந்து, "இந்தா பாரு கோரைப்பல்லு. உனக்கு இதுல கால்வாசியாவது இருக்கா?"ன்னாரு. இல்லைதான். அப்போ உலகம்மா, "அய்யா வாயையும் ஒரு தடவை பாத்திருவோமே"ன்னா. மிட்டாதாரு மீசையை ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டாரு.

"என் வாயி என்ன ஊருப் பொதுவா? ரெண்டு பேருக்கும் ஜெயம் இல்லை, போங்க!"

ரெண்டாம் நாளு, மாடு மாதிரி வைத்தியரு திங்கணும், புலி மாதிரி உலகம்மா திங்கணும். அடுப்பு கூடாது, அருவா கூடாது. வைத்தியருக்கு ஒரு கட்டு பச்சைப் புல்லு. உலகம்மாவுக்கு ஒரு சேவல், உசுரோட.

வைத்தியரு நறுக்கு நறுக்குன்னு மென்னாரு. நாலு வாய் உள்ள போச்சு. அஞ்சாவது வாய்க்கு, உவ்வேன்னு நாலும் திரும்பி வந்திருச்சு. "அசை போடும்வே! மாடு இதைத்தானே திரும்ப மெல்லும்?"னு கூட்டத்துல ஒரு குரலு. வைத்தியரு கண்ணுல பொலபொலன்னு தண்ணி.

"சீய்!"

நீதானட்டி கதை கேட்டே! இங்கிட்டு உலகம்மா சேவலைத் தொரத்துதா. சேவலு தெருவைச் சுத்தி, வைக்கப்போரைச் சுத்தி, கொக்கரக்கோன்னு கூரை மேல ஏறிருச்சு. இவ தொப்புன்னு சாணிக்குள்ள விழுந்தா. எறங்கி வந்த சேவலு அவ முதுகுல நின்னு ஒரு கொத்து கொத்திட்டுப் போச்சு. அன்னைக்கும் ரெண்டு பேருக்கும் ஜெயம் இல்லை.

மறு நாளு வெள்ளிக்கிழமை. அதுதான் கடைசி. உலகம்மா வீட்டுச் சட்டிபானையைத் துணியில மூட்டையாக் கட்டி வச்சுட்டுத்தான் வந்தா.

மூணாம் சோதனை, வயித்துச் சோதனை. மிட்டாதாரே திங்கப் போறாரு. வைத்தியரு வீட்டம்மா எண்ணெய்க் கத்திரிக்கா செஞ்சு அனுப்பியிருக்கா. பிஞ்சுக் கத்திரிக்கா, முழுசு முழுசா, எண்ணெய் மினுமினுன்னு மெதக்குது. அது அய்யாவுக்குச் சேந்துட்டா வைத்தியரு ஜெயிச்சாரு.

மிட்டாதாரு ஒண்ணை எடுத்தாரு, மீசையை வெலக்கினாரு, மொளுக்! இன்னொண்ணு, மொளுக்! உலகம்மா உத்துப் பாக்கா. தாடை அசையவே இல்லை. மூணாவது கத்திரிக்கா, மொளு... அவ்வளவுதான். நின்னுபோச்சு! க்க்... க்க்...ன்னு மிட்டாதாரு கண்ணு வெளிய வருது, மூஞ்சி கத்திரிக்கா நெறத்துக்கே போயிருச்சு. வைத்தியரு, "நாடி, நாடி"ன்னு கையைத் தேடுதாரு. "அய்யாவைத் தொடாதே"ன்னு நாலு பேரு கத்துதாக.

உலகம்மா கேக்கலை. ஒரே ஓட்டமாப் போயி, அவரைக் குனிய வச்சு, முதுகுல டொம்! டொம்! டொம்! மூணாவது டொம்முக்கு, பொளக்! கத்திரிக்கா பறந்து போயி வைத்தியரு மொட்டை மண்டையில உக்காந்துச்சு, காம்போட.

"ஹி ஹி ஹி!"

சிரிக்காதே, தூக்கம் போயிரும். உலகம்மா அந்தக் கத்திரிக்காயை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாக்கா. ஒரு கடி இல்லை. ஒரு பல்லுத் தடம் இல்லை. அவளுக்குச் சுருக்குன்னு வெளங்கிருச்சு. மூச்சு வாங்கிக்கிட்டு உக்காந்திருக்காரே மிட்டாதாரு, அவரு மீசையைத் தெரச்சீலையைத் தூக்குத மாதிரி ரெண்டு வெரலால தூக்கினா. உள்ள பாத்தா மேலயும் ஈறு, கீழயும் ஈறு! ஒத்தப் பல்லு இல்லை! எத்தனை வருசமோ, எல்லாத்தையும் முழுசு முழுசா முழுங்கிக்கிட்டு இருந்திருக்காரு மனுசன், வெளிய சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு.

"அய்யா, ஆட்டுக்கறியையும் இப்படித்தான் முழுங்கினீகளா?"

மீசை மெதுவா ஆடுச்சு. ஆமாம்னு.

"கத்திரிக்கா வைத்தியரு வகைதானே? அது ஏன் சேரலை? பல்லு இல்லைன்னா மசிச்சுத் தின்னுங்க. கொழையவிட்டுத் தின்னுங்க. பல்லு போனது உங்க வாயில, பூட்டு மட்டும் ஊரு வாய்க்கா?"

மிட்டாதாரு கோவப்படுவாரான்னு எல்லாரும் பாக்காக. அவரு மீசையைக் கீழ விட்டாரு, இருமினாரு, தண்டோராக்காரனைப் பாத்தாரு. "என்னலே பாத்துக்கிட்டு நிக்கே? அடி!"

டும் டும் டும்! "அவுகவுக சட்டியில எதைப் போடணும்னு அவுகவுக பாத்துக்கிடணும்! கருவாட்டுக்காரி இங்கனயே இருப்பா! எதைத் தின்னாலும் மென்னு திங்கணும், அய்யா உத்தரவு!"

உலகம்மா வீட்டுக்குப் போயி மூட்டையை அவுத்துச் சட்டியை அடுப்புல ஏத்தினா.

"அப்போ மனுசன் மாடா, புலியா, ஆச்சி?"

ரெண்டும் இல்லைட்டி. புலி மாட்டை அடிச்சுத் திங்கும். ஆனா, "ஏ மாடே, நீ ஏன் புல்லு திங்கே?"ன்னு வாசல்ல வந்து நின்னு கேக்காது. மாடும் புலி தட்டை எட்டிப் பாக்காது. அது மனுசனுக்கு மட்டுந்தான் தோணும்.

"ம்..."

ஆச்சு, கதை செரிச்சுப்போச்சு. வாயை மூடு, கண்ணை மூடு, தூங்கு.